கேஸ் ஓடும் குழாயில் வெல்டிங்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

கேள்வி இதுதான்: உயரழுத்தத்தில் இயற்கை எரிவாயு ஓடிக்கொண்டிருக்கும் எஃகுக் குழாயின் மேலேயே, பழுது பார்க்கவோ கிளைக்குழாய் சேர்க்கவோ வெல்டிங் செய்கிறார்களே, உள்ளே இருக்கும் கேஸ் பற்றிக்கொள்ளாதா?

பற்றிக்கொள்ளாது. மீத்தேன் எரிய வேண்டுமானால் காற்றோடு கலந்த கலவையில் அது 5 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். ஓடும் குழாய்க்குள் இருப்பது முழுக்க முழுக்க கேஸ். எரிவதற்குத் தேவையான ஆக்சிஜன் அங்கே கிடையாது. உள்ளே 50, 60 பார் அழுத்தம் இருக்கும்போது வெளிக்காற்று நுழையவும் வழியில்லை. சுவரின் வெளிப்பக்கம் ஆர்க் எரிந்துகொண்டிருக்கும், உள்ளே கேஸ் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

காலி செய்த குழாய்தான் அதிக வம்பு. கேஸை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, குழாயைத் திறந்தால் காற்று உள்ளே வந்துவிடும். எரியக்கூடிய கலவை எங்கோ ஓரிடத்தில் உருவாகும். அதைத் தவிர்க்க நைட்ரஜன் விட்டுத் துரத்த வேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப அதே சடங்கு. 18 அங்குலக் குழாயில் இரண்டு வால்வு நிலையங்களுக்கு இடையே 20 கிலோமீட்டர் தூரம், 60 பார் அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், வெளியே விட வேண்டிய கேஸ் ஏறத்தாழ 2 லட்சம் கன மீட்டர். அந்தக் குழாயை நம்பியிருக்கும் உர ஆலையும் மின் நிலையமும் நிற்கும். சரியாகச் செய்தால், ஓட்டத்தை நிறுத்தாமல் வெல்டிங் செய்வதில்தான் பல நேரங்களில் ஆபத்து குறைவு.

அப்படியானால் பயம் எதற்கு? இரண்டு விஷயங்களுக்கு. ஆர்க்கின் சூட்டில் சுவர் துளைபட்டு கேஸ் பீறிடுவது ஒன்று. வெல்டு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஹைட்ரஜனால் விழும் விரிசல் இன்னொன்று. இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். ஓடும் கேஸ் சுவரைக் குளிரவைப்பதால் துளைபடும் ஆபத்து குறைகிறது, அதே குளிர்ச்சி விரிசலுக்கு வழி செய்கிறது. இந்த வேலையின் விதிகளில் பெரும்பாலானவை இந்த இழுபறியிலிருந்து வந்தவை.

சுவர் துளைபடுவது

வெல்டிங் நடக்கும் இடத்துக்கு நேர் பின்னால் குழாயின் உட்சுவர் எத்தனை டிகிரிக்குப் போகிறது என்பதே கணக்கு. அமெரிக்காவின் பேட்டல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுகளிலிருந்து வந்து இன்றும் புழங்கும் வரம்பு இது: குறை ஹைட்ரஜன் ராடு (ஆர்க்கில் உருகி வெல்டாகும் கம்பி) என்றால் 982 டிகிரி செல்சியஸ், செல்லுலோஸ் ராடு என்றால் 760 டிகிரி. அதைத் தாண்டினால் மீதமிருக்கும் மெல்லிய எஃகுக்கு உள்ளழுத்தத்தைத் தாங்கும் பலம் இருக்காது. செல்லுலோஸ் ராடின் ஆர்க் ஆழமாகத் தோண்டும் என்பதால் அதற்கு வரம்பு குறைவு.

நடைமுறையில் இது சுவர் கனத்தில் போய் நிற்கிறது. 6.4 மி.மீ. அல்லது அதற்கு மேல் கனம், குறை ஹைட்ரஜன் ராடு, வழக்கமான வெல்டிங் முறை என்றால் துளைபடும் வாய்ப்பு மிகக் குறைவு. 4.8 மி.மீ. வரை கவனமாகப் போகலாம். அதற்கும் கீழே என்றால் வெப்பக் கணக்கு போடாமல், தனியாகப் பொறியாளர் ஒப்புதல் இல்லாமல் ஆர்க் தொடக்கூடாது.

இங்கே சொல்லும் கனம் வரைபடத்தில் எழுதியிருப்பது இல்லை, அன்று அளந்தது. வெல்டு விழப்போகும் பட்டையைச் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு, அல்ட்ராசானிக் கருவியால் முழுமையாகத் தேட வேண்டும். நாலு புள்ளி அளந்து சராசரி போடுவது வேலைக்காகாது. ஒரே ஒரு ஆழமான அரிப்புக் குழி, சராசரியில் ஒளிந்துகொண்டு வெல்டரின் முகத்துக்கு நேரே திறக்கும். தகடு உருட்டும்போதே நடுவில் பிளந்து ஒட்டாமல் போன அடுக்கு இருக்கிறதா என்பதையும் அதே தேடலில் பார்க்க வேண்டும். அடுக்குப் பிளவின் மேல் வெல்டிங் செய்தால், 8 மி.மீ. சுவர் 4 மி.மீ. சுவர் போல நடந்துகொள்ளும்.

உள் அரிப்பு வெளியிலிருந்து தெரியாது என்பதுதான் சங்கடம். 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற கிராமத்தில் 18 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது வெல்டிங்கால் வந்த விபத்து இல்லை. நீர் கலந்த ஈர கேஸ் உள்ளே ஓடி, குழாயை உள்ளிருந்தே அரித்த கதை. ஆனால் குழாயின் அடிப்பக்கத்தில், 6 மணி நிலையில், நீர் தேங்கி அரித்திருக்கக்கூடிய எந்தக் குழாயிலும் வெல்டிங் திட்டமிடுபவர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஈர கேஸ் ஓடிய குழாய் என்றால், அடிப்பக்கத்தை இரண்டு முறை அளப்பது வீண் வேலை ஆகாது.

அடுத்தது ராடும் ஆம்பியரும். சுவர் 6.4 மி.மீ.-க்குக் குறைவாக இருந்தால் முதல் பாஸுக்கு, அதாவது வெல்டின் முதல் சுற்றுக்கு, 2.5 மி.மீ. ராடுக்கு மேல் வேண்டாம். அடுத்த பாஸ்களுக்கு 3.2. வெப்ப உள்ளீட்டுக் கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி, 60-ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. நகர்கிறது என்பதை ஆயிரத்தால் பெருக்கி வருவதால் வகுத்தால், ஒரு மி.மீ.-க்கு எத்தனை கிலோஜூல் என்று வரும். 22 வோல்ட், 80 ஆம்பியர், நிமிடத்துக்கு 110 மி.மீ. என்றால் 0.96 கிலோஜூல். அதே வோல்ட், அதே ஆம்பியர், ஆனால் கை தயங்கி 70 மி.மீ. வேகத்துக்கு இறங்கினால் 1.5 கிலோஜூல். மெஷினில் முள் அசையவே இல்லை, சுவருக்குள் போகும் சூடு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆம்பியரை மட்டும் எழுதி வைத்து திருப்திப்படும் மேற்பார்வையாளர் இதைத்தான் கோட்டை விடுகிறார். குழிக்குள் வேகம் அளப்பது கடினம் என்றால், ஒரு ராடு எரிந்து முடிய எத்தனை மி.மீ. பீட் (உருகி விழும் உலோகக் கோடு) போட வேண்டும் என்று செய்முறைத் தாளிலேயே எழுதி, அளவுநாடா வைத்துப் பார்க்கலாம். பீட் குட்டையாக இருந்தால் சூடு அதிகம். கையை ஆட்டி அகலமாகப் போடக்கூடாது, நேர்க்கோட்டில் ஒல்லியாகப் போக வேண்டும்.

'அழுத்தத்தைக் குறைத்துவிட்டோம், இனித் துளைபடாது' என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அழுத்தத்தின் பங்கு நினைப்பதைவிடச் சிறியது. சுவர் உருகப் போகிறதென்றால் குறைந்த அழுத்தத்திலும் உருகும். ஆனாலும் குறைப்பது நல்லதுதான், ஏதாவது தப்பினால் விளைவு சிறியதாகும். பல நிறுவனங்கள் பயன்படுத்தும் சூத்திரம், சுவர் கனத்திலிருந்து 2.4 மி.மீ.-ஐக் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்து அழுத்த வரம்பு காண்கிறது. 457 மி.மீ. வெளிவிட்டம், 6.4 மி.மீ. கனம், எக்ஸ்52 எஃகு என்றால் அதன் பலம் 359 மெகாபாஸ்கல். இரண்டு மடங்கு 359, பெருக்கல் 4.0, பெருக்கல் 0.72, வகுத்தல் 457. விடை 4.5 மெகாபாஸ்கல், அதாவது 45 பார். 0.72 என்பது வயல்வெளிக்கு உள்ள காரணி. ஊர் நெருக்கமான இடத்தில் அது 0.5 ஆகும், வரம்பு 31 பாருக்கு இறங்கும்.

ஹைட்ரஜன் விரிசல்

துளைபடுவது சத்தம் போட்டு வரும். இது சத்தமே இல்லாமல் வரும் என்பதால் எனக்கு இதில்தான் பயம் அதிகம். மூன்று சேர்ந்தால் விரிசல் விழும்: வெல்டுக்குள் புகுந்த ஹைட்ரஜன், வேகமாகக் குளிர்ந்து கெட்டிப்பட்ட எஃகு, இழுவிசை. மூன்றில் இழுவிசையை ஒன்றும் செய்ய முடியாது, குழாயைச் சுற்றிப் போர்த்தும் எஃகு உறையான ஸ்லீவின் ஓர வெல்டில் அது இருந்தே தீரும். ஆக, மற்ற இரண்டைக் கட்டுப்படுத்த வேண்டும்.

ஹைட்ரஜனைக் குறைக்க 7018 வகை ராடு. 6010 போன்ற செல்லுலோஸ் ராடில் 100 கிராம் வெல்டு உலோகத்துக்கு 30 மில்லிலிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் இறங்கும். ஹெச்4 முத்திரையுள்ள 7018-இல் அது 4 மில்லிலிட்டருக்குள். ஆனால் அந்த 4 என்பது உலர்ந்த ராடுக்குத்தான். பெட்டியைத் திறந்ததும் 120 டிகிரிக்குக் குறையாத ஓவனில் போக வேண்டும், வெளியே எடுத்தால் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். ஈரம் பட்ட ராடை 260 முதல் 430 டிகிரிக்குள், தயாரிப்பாளர் சொன்னபடி 2 மணி நேரம் சுடலாம், அதுவும் ஒரே ஒரு முறை. கடலோரக் காற்றில் சட்டைப்பையிலும் குழியோரத்திலும் கிடந்த ராடு பெயரளவில் மட்டுமே குறை ஹைட்ரஜன்.

கெட்டிப்படுவது எஃகின் வேதியியலையும் குளிரும் வேகத்தையும் பொறுத்தது. கார்பன் சமானம் என்ற எண் இங்கே உதவும்: கார்பனோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, நிக்கல், தாமிரம் இரண்டின் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கு. எண் கூடினால் கெட்டிப்படும் குணமும் கூடும். இன்றைய எக்ஸ்70 குழாய்களில் கார்பன் மிகக் குறைவு, பெரும்பாலும் தொல்லை தராது. பழைய குழாய்களில்தான் சிக்கல், அதன் சான்றிதழ் தொலைந்திருந்தால் இரட்டைச் சிக்கல். அப்போது குழாயிலிருந்து கொஞ்சம் துருவல் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். யூகித்து எழுதக்கூடாது. வெல்டை ஒட்டிய சூடுபட்ட பகுதியின் கடினம் விக்கர்ஸ் 350-ஐத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் புழங்கும் வரம்பு.

குளிரும் வேகத்தைக் களத்திலேயே அளக்க ஒரு நல்ல முறை உண்டு. குழாயில் 50 மி.மீ. வட்டத்தை டார்ச்சால் 300 முதல் 325 டிகிரி வரை சூடாக்கி, டார்ச்சை எடுத்துவிட்டு, 250 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று தொடு வெப்பமானியும் ஸ்டாப்வாட்சும் வைத்துப் பார்ப்பது. பல தடவை எடுத்துச் சராசரி காண வேண்டும். விநாடி குறைவாக இருந்தால் ஓட்டம் சூட்டை வேகமாக இழுத்துக்கொண்டு போகிறது, விரிசல் ஆபத்து கூடுதல் என்று பொருள். முன்சூடு கொடுக்கலாமே என்றால், கொடுக்கலாம், ஆனால் பாயும் கேஸ் அதைக் கொண்டுபோய்விடும். தொடர்ந்து தாங்குமா என்று பார்த்துவிட்டே அதை நம்ப வேண்டும்.

அதைவிட நம்பகமானது மேல்பாஸால் கீழ்ப்பாஸைப் பதப்படுத்துவது. முதலில் குழாயின் மேல் ஓர் அடுக்கு பீட் மட்டும் போடுவார்கள், ஸ்லீவோடு சேர்க்காமல். அடுத்த அடுக்கு அதன் மேல் விழும்போது, முதல் அடுக்கு கெட்டியாக்கிய எஃகை அதன் சூடு திரும்ப மிருதுவாக்கும். கடைசி பீட் வெறும் குழாய்ச் சுவரைத் தொடாமல், முந்தைய பீட்டின் விளிம்புக்கு ஒரு மயிரிழை உள்ளே நிற்க வேண்டும். வெறும் சுவரைத் தொட்டுவிட்டால், பதப்படாத கெட்டிக் கோடு ஒன்றைச் சுற்றிலும் வரைந்துவிட்டதாக ஆகும், இழுவிசை குவியும் இடமும் அதே கோடுதான்.

செய்முறையைத் தேர்வு செய்யும் சோதனை பற்றி ஒரு வார்த்தை. குழாய் வெல்டிங்குக்கான அமெரிக்கத் தரநிலை ஏபிஐ 1104-இன் பின்னிணைப்பு பி, ஓடும் குழாய் வெல்டிங்குக்கான செய்முறையையும் வெல்டரையும் சோதிக்க, குழாய்க்குள் தண்ணீர் ஓடவிட்டு வெல்டிங் செய்யும் முறையை ஏற்கிறது. தண்ணீர் கேஸைவிடக் கடுமையாகக் குளிரவைக்கும், ஆகவே விரிசலுக்கு இது கண்டிப்பான சோதனை. ஆனால் துளைபடும் ஆபத்தை அதே தண்ணீர் மறைத்துவிடும். தண்ணீர்ச் சோதனையில் தேறிய ஆம்பியரை மெல்லிய கேஸ் குழாய்க்கு அப்படியே கொண்டுபோகக்கூடாது.

செய்யவே கூடாத இடங்கள்

உள்ளே காற்று கலந்திருக்கக்கூடிய குழாய், வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைந்த குழாய், வேண்டாத கேஸை எரிக்கக் கொண்டுபோகும், ஓட்டம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஃபிளேர் குழாய் ஆகியவற்றில் ஆர்க் வேண்டாம். இங்கே தொடக்கத்தில் சொன்ன பாதுகாப்பே இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள கேஸ், வெல்டுக்குப் பின் சூடேற்றிப் பதப்படுத்தியே ஆக வேண்டிய எஃகு ஆகியவற்றிலும் வேண்டாம். அசிட்டிலீன், எத்திலீன் குழாய்கள் தனி ரகம்: காற்றே இல்லாமல், வெறும் சூட்டில் சிதைந்து வெடிக்கக்கூடியவை. 'உள்ளே ஆக்சிஜன் இல்லை' என்ற வாதம் அவற்றுக்குச் செல்லாது. ஃபிளாஞ்சுக்கோ மரை இணைப்புக்கோ 450 மி.மீ.-க்குள்ளும், பழைய வெல்டுக்கு 75 மி.மீ.-க்குள்ளும் ஹாட் டேப் (ஓடும் குழாயில் துளையிட்டுக் கிளை எடுக்கும்) இணைப்பு வைக்காதீர்கள்.

வெளி அரிப்பு மட்டும்தான், கசிவு இல்லை என்றால் வெல்டிங்கே தேவையா என்றும் கேட்க வேண்டும். எபாக்சி நிரப்பும் ஸ்லீவ், நார்ப்பொருள் சுற்று போன்ற வழிகள் உண்டு. உள் அரிப்பு தொடரும் இடத்துக்கு நார்ச்சுற்று பொருந்தாது.

குழி, பர்மிட், கட்டுப்பாட்டு அறை

வெல்டர் படுத்து வேலை செய்ய குழாயின் அடியில் அரை மீட்டருக்கு மேல் இடம், சரிவான பக்கங்கள், எதிரெதிர்த் திசையில் இரண்டு வெளியேறும் வழிகள். ஏணி ஒன்று, அதுவும் காற்று கேஸை அடித்துக்கொண்டு போகும் பக்கத்தில் என்றால் அது குழி இல்லை, பொறி. மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று அசட்டையாக இருக்கக்கூடாது. மூடாக்கு போட்ட குழியில் அது தங்கும். கேஸ் மீட்டரில் 100 என்றால் காற்றில் 5 சதவீத மீத்தேன். பர்மிட் கொடுக்கும்போது பூஜ்யம் காட்ட வேண்டும், வேலை நடுவே 10-ஐத் தொட்டால் நிறுத்தி வெளியேற வேண்டும். மீட்டர் தொடர்ந்து ஓட வேண்டும், காலையில் ஒருமுறை பார்த்து கையெழுத்து போடுவது போதாது.

வெல்டிங் எர்த் கேபிளை வெல்டு நடக்கும் இடத்துக்கு அருகிலேயே, சுத்தம் செய்த உலோகத்தில் கட்ட வேண்டும். வால்விலோ தூரத்து ஃபிளாஞ்சிலோ கட்டினால் மின்னோட்டம் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும், பொறி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. அரிப்பைத் தடுக்கக் குழாய்க்கு மின்னோட்டம் கொடுக்கும் டிஆர் யூனிட்டை முன்பே அணைத்துவிட வேண்டும். உயரழுத்த மின்கம்பியோடு சேர்ந்து போகும் குழாய் என்றால் தொடுவதற்கு முன் மாறுமின் அழுத்தத்தை அளக்கவும், 15 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அதை வடிக்க ஏற்பாடு செய்த பிறகே வேலை.

கட்டுப்பாட்டு அறைக்கு நேரடிப் பேச்சு இணைப்பு வேண்டும். எந்த ஓட்டம், எந்த அழுத்தம் என்று ஒப்புக்கொண்டார்களோ அதிலேயே நிறுத்தி வைப்பது அவர்கள் பொறுப்பு. ஓட்டம் நின்றால் சூடு தேங்கும், திடீரென்று கூடினால் எஃகு கெட்டிப்படும். அன்றைக்குப் பிக் (குழாய்க்குள் ஓடிச் சுத்தம் செய்யும், ஆய்வு செய்யும் கருவி) ஓட்டக்கூடாது. இரு பக்க வால்வு நிலையங்களிலும் ஆள் நிற்க வேண்டும்.

துளைபட்டுப் பற்றிக்கொண்டால்? ஆர்க்கை விட்டுவிட்டு வெளியேறுவது ஒன்றே வெல்டரின் வேலை. வால்வு மூடி கேஸ் நிற்கும்வரை தீயை அணைக்கக்கூடாது. அணைத்துவிட்டால் எரியாத கேஸ் குழியில் சேரும், அடுத்த பொறிக்கு அது வெடிக்கும். தீயணைப்புத் தூள் ஆளை மீட்பதற்கு.

ஸ்லீவும் ஹாட் டேப்பும்

கசிவைத் தாங்கும் ஸ்லீவ் இரண்டு அரைவட்டத் துண்டுகள். சங்கிலி கட்டி ஜாக்கி வைத்து இறுக்கி, குழாயோடு இடைவெளி 1.6 மி.மீ.-க்குள் வரவைக்க வேண்டும். இடைவெளி கூடினால் வெல்டின் வேரில் இழுவிசை குவியும். முதலில் இரு பக்க நீள வெல்டுகள், அவற்றின் அடியில் மெல்லிய தகட்டுப் பட்டை, வெல்டு குழாய்ச் சுவரில் பிடிக்காமல் இருக்க. பிறகு ஒரு முனையின் சுற்று வெல்டை முழுக்க முடித்துவிட்டு, அடுத்த முனை. இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் போட்டால் ஸ்லீவ் சுருங்க இடமில்லாமல் வெல்டைக் கிழிக்கும். அவசரத்தில் இந்த ஒழுங்கைத்தான் முதலில் தியாகம் செய்கிறார்கள்.

ஹாட் டேப்பில் வெல்டு முடிந்ததும் ஃபிட்டிங்கை அழுத்தச் சோதனை செய்வார்கள். இந்த அழுத்தம் குழாயை வெளியிலிருந்து உள்நோக்கி அமுக்குகிறது என்பதை மறக்கக்கூடாது. குழாயின் அப்போதைய உள்ளழுத்தத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் போனால் சுவர் உள்ளே நொடிந்துவிடலாம். அடுத்து, வால்வுக்கும் வெட்டும் இயந்திரத்துக்கும் நடுவே அடைபட்ட காற்று. வேலை முழுவதிலும் காற்றும் கேஸும் ஒரே அறைக்குள் சந்திக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான், ஆகவே வெட்டும் முன் நைட்ரஜனால் அதைத் துரத்த வேண்டும். வெட்டிய வட்டத் துண்டைப் பைலட் டிரில்லில் உள்ள கம்பி பிடித்துக்கொள்ளும். அது நழுவி ஓட்டத்தோடு போனால் கீழே எங்காவது வால்விலோ கம்ப்ரஸரிலோ போய் நிற்கும். கட்டர் முழுக்கப் பின்வாங்கியதை அளவுக்கோலில் பார்த்த பிறகே வால்வை மூட வேண்டும்.

எப்போது மண் மூடலாம்

ஓர வெல்டை எக்ஸ்ரே எடுத்துப் பயனில்லை, காந்தத் துகள் சோதனையும் அல்ட்ராசானிக் சோதனையும்தான். வெல்டு ஆறியவுடன் ஒருமுறை பார்ப்பது போதாது. ஹைட்ரஜன் விரிசல் மணிக்கணக்கில் தாமதித்து விழும். 24 முதல் 48 மணி நேரம் கழித்து வெல்டின் விளிம்பை மறுபடி சோதிக்க வேண்டும். குழியை இரண்டு நாள் திறந்து வைக்க வேண்டுமே, காவல் போட வேண்டுமே என்று அன்று மாலையே மூடச் சொல்லும் ஒப்பந்ததாரர்கள் உண்டு, அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது சோதனை சுத்தமாக வந்த பிறகு பூச்சு அடித்து, பூச்சில் விட்டுப்போன இடத்தைக் காட்டும் ஹாலிடே டிடெக்டர் ஓட்டி, டிஆர் யூனிட்டைத் திரும்பப் போட்டு, ஸ்லீவின் இடத்தையும் நீளத்தையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டு மண் தள்ளலாம். அடுத்த முறை ஆய்வுப் பிக் ஓடும்போது அங்கே சுவர் இரட்டைக் கனமாகத் தெரிவது ஏன் என்று யாரும் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்காது.